அண்ணாச்சிக்காக அடைத்த கடை

1

மறுபடியும் தெருவெங்கும் அட்டைகள் முளைத்துவிட்டன. இந்த நாட்டில் தேர்தல் வந்தால் சுவரில் எழுதுவதில்லை, ஒலிபெருக்கி கட்டிய கார் வருவதில்லை, கொடித் தோரணமும் கிடையாது. வீட்டு முன்னால் இருக்கும் புல்தரையில் ஒரு குச்சியை நட்டு, அதில் தங்களுக்குப் பிடித்த வேட்பாளரின் பெயர் எழுதிய அட்டையை மாட்டுவார்கள். அவ்வளவுதான் ஆரவாரம். நான் இருப்பது ஒஹையோ நதிக்கரையில் ஒரு சின்ன ஊர். எங்கள் தெருவில் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் அட்டை இருக்கிறது. பக்கத்து வீட்டுப் புல்தரையில் மட்டும் இல்லை. வால்ட்டர் சென்ற குளிர்காலத்தில் இறந்துவிட்டார்.

அவர் இருந்திருந்தால் இந்த வருடம் கொண்டாடியிருப்பார். மேற்குக் கரையில் ஒரு மாநிலத்தில் மக்களே ஓட்டுப் போட்டுச் சொத்துவரியைப் பாதிக்கு மேல் வெட்டிவிட்டார்கள். செய்தியைப் படித்ததும் என்னை அறியாமல் எழுந்து வேலிப்பக்கம் போய் நின்றேன். அந்த வீட்டில் இப்போது யாரோ இளம் தம்பதியர் இருக்கிறார்கள். அந்தப் பெண் என்னைப் பார்த்துக் கையசைத்தாள். நானும் அசைத்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

வால்ட்டர் இந்த ஊரில் முப்பது வருடத்துக்கு மேல் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தவர். ஆணி, சுத்தியல், பெயின்ட், கயிறு, பனி அள்ளும் மண்வெட்டி எல்லாம் விற்பார். பழமைவாதக் கட்சியின் உள்ளூர்ப் பிரமுகர். தூத்துக்குடியில் பலசரக்குக் கடை வைத்திருந்த என் அண்ணனை அவர் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் இருவரைப் பற்றியும் சேர்த்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

2

நாங்கள் இங்கே வீடு வாங்கிக் குடிவந்தது எழுபத்திரண்டாம் வருடத் தேர்தல் சமயம். நதியில் ஓடும் சரக்குப் படகுகள் கட்டும் பட்டறையில் எனக்கு இன்ஜினியர் வேலை. ஒரு சனிக்கிழமை காலையில் வால்ட்டர் கையில் ஒரு அட்டையும் சுத்தியலுமாக வந்து கதவைத் தட்டினார்.

"உங்கள் புல்தரையில் இதை நடலாமா?"

"நான் இந்த நாட்டுக் குடிமகன் இல்லை. எனக்கு ஓட்டு கிடையாது" என்றேன்.

"ஓட்டு இல்லாவிட்டால் என்ன? புல்தரை உங்களுடையதுதானே?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நட்டுக்கொள்ளுங்கள் என்றேன். அப்படித்தான் பழக்கமானோம். என் பெயர் முத்து. அவர் வாயில் அது 'முட்டு' என்றுதான் வரும். முட்டு, முட்டு என்று அவர் வேலிக்கு அப்பால் நின்று கூப்பிடுவதைக் கேட்டு என் மனைவி உள்ளே நின்று சிரிப்பாள். பெயருக்கு என்ன அர்த்தம் என்று ஒருநாள் கேட்டார். எங்கள் ஊர்க் கடலில் எடுப்பது என்று சொல்லி, முத்துக்குளிப்பைப் பற்றி விளக்கினேன். சிப்பி நன்றாக விளைந்திருக்கிறதா, இந்த வருடம் குளிப்பு உண்டா இல்லையா என்பதை அரசாங்கம்தான் அறிவிக்கும் என்றேன்.

"கடலுக்கு அடியில் கிடக்கிற சிப்பிக்குமா அரசாங்கம் உரிமை கொண்டாடுகிறது?" என்று வால்ட்டர் கேட்டார். அன்று மாலை முழுவதும் அதையே நினைத்து நினைத்துத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

அவருடைய அரசியல் எளிமையானது. வரி குறைவாக இருக்க வேண்டும். கடைக்காரனைக் கடை நடத்த விடவேண்டும். தலைநகரில் இருப்பவனுக்கு இந்த ஊர் ஆணியின் விலை தெரியாது. அதனால் அவன் அதில் கை வைக்கக்கூடாது. தன் கட்சிக்காரர் செய்தாலும் தவறு தவறுதான். அவர் ஓட்டுப்போட்ட ஜனாதிபதியே கூலிக்கும் விலைக்கும் கட்டுப்பாடு கொண்டுவந்தபோது, "நம்மாள் எதிர்க்கட்சியின் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார்" என்று வருந்தினார். பிறகு பெட்ரோலுக்கு வரிசையில் நிற்கும் காலம் வந்தது. எரிபொருள் சேமிப்பு என்று சொல்லி, குளிர்காலத்திலும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தார்கள். பிள்ளைகள் இருட்டில் பள்ளிக்கூடம் போனார்கள். "சூரியனுக்கும் சட்டம் போட்டுவிட்டார்கள்" என்று திட்டிக்கொண்டே கடையிலிருந்து ஒரு டார்ச் விளக்கைக் கொண்டுவந்து என் மகள் மீனாவின் கையில் கொடுத்தார்.

இதையெல்லாம் நான் ஏற்கெனவே கேட்டிருந்தேன். என் அண்ணன் தங்கப்பழம் உடன்குடியிலிருந்து வந்து தூத்துக்குடி பஜாரில் கடை போட்டவர். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். என்னைப் படிக்கவைத்தவர். அரிசிக்குப் பெர்மிட், சீனிக்குப் பெர்மிட், அதைப் புதுப்பிக்க ஒரு நடை, புதுப்பித்ததில் முத்திரை வாங்க ஒரு நடை என்று அலைந்துவிட்டு வந்து, கல்லாவில் உட்கார்ந்து சர்க்காரை வைவார். கடைக்குச் சாமான் வாங்க வருகிறவர்கள் அதைக் கேட்பதற்காகவே கொஞ்ச நேரம் நிற்பார்கள்.

நான் இதை வால்ட்டரிடம் சொன்னேன். அவருக்கு அண்ணனைப் பிடித்துப்போய்விட்டது. ஊரில் என்னவென்று கூப்பிடுவார்கள் என்று கேட்டு, 'அனாச்சி' என்று சொல்லக் கற்றுக்கொண்டார். அனாச்சியின் பெர்மிட் வந்ததா, அனாச்சி இதற்கு என்ன சொல்கிறார் என்று விசாரிப்பார். நான் கடிதத்தில் எழுதினால் அண்ணனும் பதிலுக்கு விசாரிப்பார். பனி உறைந்த சாலையில் தூவ வால்ட்டர் மூட்டை மூட்டையாக உப்பு விற்கிறார் என்று எழுதியதற்கு, "உப்ப ரோட்டுல கொட்டுதாவளா? நம்மூரு உப்பளக்காரன் கேட்டா நெஞ்சு வெடிச்சிருவான். இருந்தாலும் அண்ணாச்சிக்கு ஏவாரம் நல்லா நடக்கட்டும்" என்று எழுதியிருந்தார்.

நானும் இவர்கள் கட்சிதான். இதில் எனக்கு வெட்கம் ஏதும் இல்லை.

3

மீனாவுக்குத்தான் பிடிக்கவில்லை. ஏழு வயதில் இங்கே வந்தவள். பள்ளிக்கூடத்தில் தமிழ் உதிர்ந்துபோயிற்று. நாங்கள் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். பிறகு கேள்வியும் ஆங்கிலத்தில் இருந்தால்தான் திரும்பிப் பார்ப்பாள்.

எழுபத்தைந்தில் நதிக்கு அக்கரையில் இருந்த எஃகு ஆலை பாதி ஆட்களை அனுப்பிவிட்டது. மீனாவின் தோழி கரோலின் அப்பாவுக்கு வேலை போயிற்று. அரசாங்கம் தரும் உணவுக் கூப்பனில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது. அது தெரியாமல், எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து வால்ட்டர் வழக்கமான பேச்சைப் பேசினார்.

"அரசாங்கம் போடும் சோறு மனிதனை உட்காரவைத்துவிடும், முட்டு. பழகிவிட்டால் எழுந்திருக்க மாட்டான்."

மீனா கையிலிருந்த முள்கரண்டியை வைத்தாள். "கரோலின் அப்பா உட்காரவில்லை. விடிந்தால் வேலை தேடிப் போகிறார். எங்கே வேலை இருக்கிறது என்று நீங்கள் சொல்லுங்கள்."

"நான் அவரைச் சொல்லவில்லையம்மா..."

"அவரைத்தான் சொன்னீர்கள். அவர் மாதிரி இருப்பவர்களைத்தான் எப்போதும் சொல்கிறீர்கள்."

எழுந்து மாடிக்குப் போய்விட்டாள். நான் மன்னிப்புக் கேட்டேன். வால்ட்டர் கையை உயர்த்தித் தடுத்தார். சில நாள் கழித்துக் கரோலின் அப்பாவைக் கடையில் வேலைக்கு வைத்துக்கொள்வதாகச் சொல்லி அனுப்பினார். அவருக்கு அதற்குள் வேறு ஊரில் வேலை கிடைத்து, குடும்பமே கிளம்பிப் போய்விட்டது. தோழி போன துக்கத்தையும் மீனா வால்ட்டர் கணக்கில்தான் எழுதினாள். அதன்பிறகு அவர் வேலிப்பக்கம் வந்தால் இவள் உள்ளே போய்விடுவாள்.

4

எழுபத்தாறு தொடக்கத்தில் சென்னையில் ஆட்சியைக் கலைத்தார்கள். அதுவரை வடக்கே கேள்விப்பட்டிருந்த நெருக்கடிநிலை எங்கள் ஊர்ப் பஜாருக்குள்ளும் வந்தது. கடைதோறும் விலைப்பலகை தொங்கவிட வேண்டும் என்று உத்தரவு போட்டு, அதை விளக்க வியாபாரிகள் கூட்டம் ஒன்று கூட்டியிருக்கிறார்கள். எல்லோரும் தலையாட்டிக்கொண்டிருக்கும்போது அண்ணன் எழுந்து, "சாமானையே தர மாட்டேங்கிய. இல்லாத சாமானுக்கு வெலப்பலக எதுக்கு? எதுத்துக் கேக்க ஆளில்லங்கதுனாலதான இப்படி ஒரு உத்தரவு வருது?" என்று கேட்டிருக்கிறார். அடுத்த வாரம் பதுக்கல்காரர் என்று சொல்லி, விசாரணையே இல்லாமல் உள்ளே வைக்கும் மிசாச் சட்டத்தில் பிடித்துக்கொண்டு போனார்கள். கடையில் இருந்தது வழக்கமான சரக்குத்தான்.

தந்தி வந்ததும் வால்ட்டரிடம் போனேன். குடியுரிமைக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்த நேரம். என்னிடம் இருந்தது இந்தியப் பாஸ்போர்ட். போனால் திரும்பி வர விடுவார்களா என்ற பயம். அவர் கடை வாசலில் உப்பு மூட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். நான் சொன்னதை நம்ப முடியாமல் மறுபடி கேட்டார்.

"என்ன குற்றம் செய்தார்?"

"ஒரு கேள்வி கேட்டார்."

மூட்டையின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு, "நீ போ. உன் வீட்டை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார்.

தூத்துக்குடியில் ரயிலைவிட்டு இறங்கியபோது கடல்காற்றில் அதே கருவாட்டு வாடைதான் வந்தது. பஜாரில் அதே கூட்டம். ஆனால் யாரும் என் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை. அண்ணனோடு கூடவே கடை நடத்திய பக்கத்துக் கடைக்காரர் என்னைக் கண்டதும் உள்ளே போனார். பிறகு பின்பக்கச் சந்தில் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "கோவிச்சுக்கிடாதிய தம்பி. எனக்கும் மூணு பொம்பளப் பிள்ள இருக்கு" என்று அழுதார்.

மதினியும் நானும் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினோம். ஒரு அதிகாரி எங்களுக்குக் காப்பி வரவழைத்துக் கொடுத்தார். மிகவும் மரியாதையாகப் பேசினார்.

"நீங்க அமெரிக்காவுல நல்ல நிலைமையில இருக்கீங்கன்னு கேள்விப்பட்டேன். சந்தோஷம். நல்லபடியா வந்தீங்க, நல்லபடியாத் திரும்பிப் போங்க, சார்."

வெளியே வந்ததும் மதினி சொன்னாள்: "அந்தக் காப்பிய ஏன் குடிச்சிய? நான் தொடக்கூட இல்ல."

ஜெயிலில் அண்ணனைப் பார்க்க மனுப்போட்டு, மூன்றாம் முறைதான் அனுமதி கிடைத்தது. கம்பிவலைக்கு அப்பால் வந்து நின்றார். கழுத்தெலும்பு தெரிந்தது. பக்கத்தில் ஒரு வார்டர் நின்றான்.

"ஏலே, எதுக்குல இங்கன வந்த? ஒன் பாஸ்போட்ட வாங்கி வச்சுக்கிட்டாம்னா என்ன செய்வ?"

"அது கெடக்குண்ணே. ஒடம்பு எப்படி இருக்கு?"

"சீனி கூடிருச்சின்னு டாக்டரு சொல்லுதான். ஒருநா மாத்திர தாரான், ஒருநா இல்லங்கான்." அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச அவருக்கு விருப்பமில்லை. "அங்கன இந்த வருசம் எலெக்சனாமே? வால்ட்டர் அண்ணாச்சி என்ன சொல்லுதாரு?"

"அவரு கச்சிதான் இப்ப ஆளுது. ஜெயிக்கிறது கஷ்டம்னு சொல்லுதாரு."

"ஆளுதவன கடையில ஒக்காந்து வையிதாவளா?"

"தெனமும் வையிதாவ. வால்ட்டரும் வையிதாரு. அவரு கச்சின்னாலும் வையிதாரு."

"போலீசுக்காரன் வந்தா?"

"அவனும் கூட ஒக்காந்து வையிவான்."

அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். வார்டர் திரும்பிப் பார்த்தான். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. கம்பிவலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"அது போதும்ல. வேற என்ன வேணும் மனுசனுக்கு? நீ அந்தக் குடியுரிமைய வாங்கிக்க. ஒனக்கு அங்கன ஓட்டு இருக்கணும். நாட்ட விட்டுட்டானேன்னு நான் நெனைக்க மாட்டேன்."

அதுதான் அவரைக் கடைசியாகப் பார்த்தது.

5

திரும்பி வந்து, அந்தக் கோடையில் குடியுரிமைப் பிரமாணம் எடுத்துக்கொண்டேன். நாட்டுக்கு இருநூறு வயது என்று ஊரே கொண்டாடிக்கொண்டிருந்தது. நீதிபதி முன்னால் கையைத் தூக்கி நின்றபோது சுற்றிலும் எல்லோரும் சிரித்த முகமாக இருந்தார்கள். எனக்குக் கம்பிவலைதான் கண்ணில் நின்றது. இந்தியப் பாஸ்போர்ட்டைத் தூதரகத்துக்குத் தபாலில் அனுப்பிய அன்று என் மனைவி அடுப்புப் பற்றவைக்கவில்லை.

நவம்பரில் முதல் ஓட்டைப் போட்டேன். வால்ட்டரின் ஆளுக்குத்தான் போட்டேன். அவர் தோற்றார். மீனாவுக்கு இன்னும் ஓட்டு வயதாகவில்லை. ஆனால் அவள் வீடு வீடாகப் போய் நோட்டீஸ் கொடுத்த ஆள் ஜெயித்துவிட்டார். மறுநாள் காலையில் வால்ட்டர் தன் அட்டையைப் பிடுங்கிவிட்டு நேராக எங்கள் வாசலுக்கு வந்தார். மீனா பள்ளிக்கூடம் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"வாழ்த்துகள். உங்கள் ஆள் நன்றாக ஆளட்டும்" என்று கையை நீட்டினார். "அவர் பதவி ஏற்றதும் நான் திட்ட ஆரம்பிப்பேன். இப்போதே சொல்லிவிடுகிறேன்."

மீனா கையைக் கொடுத்தாள். ஆனால் சிரிக்கவில்லை.

டிசம்பரில் தந்தி வந்தது. அண்ணன் ஜெயிலிலேயே இறந்துவிட்டார். சர்க்கரை நோய் என்று எழுதிக்கொடுத்து உடலை ஒப்படைத்திருந்தார்கள். நான் போய்ச் சேரும்வரை வைத்திருக்க அனுமதி இல்லை என்பதால் வரவேண்டாம் என்று மதினி சொல்லியிருந்தாள். தொலைபேசியில் ஊரைப் பிடிக்க ஒரு நாளுக்கு மேல் ஆயிற்று. பேசியது பக்கத்துக் கடைக்காரர்தான்.

எங்கள் பஜாரில் ஒரு வழக்கம் உண்டு. வியாபாரி ஒருவர் இறந்தால் அவர் உடல் பஜார் வழியே போகும்போது எல்லாக் கடைக்காரர்களும் கதவைச் சாத்துவார்கள். போட்டியாளனாக இருந்தாலும், பேச்சுவார்த்தை இல்லாதவனாக இருந்தாலும் சாத்துவார்கள். அண்ணன் போனபோது யாரும் சாத்தவில்லை. மிசாக் கைதிக்குக் கடை சாத்தினான் என்று யாராவது எழுதிக் கொடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று பயந்துவிட்டார்கள். எடை போட்டுக்கொண்டிருந்தவர்கள் அப்படியே கையைக் கட்டிக்கொண்டு நின்றார்களாம். "நானுந்தான் நின்னேன், தம்பி" என்றார் அவர்.

அன்று இங்கே பெரும்பனி. மாலையில் வால்ட்டர் வீட்டுக்குப் போய், பஜாரில் கதவு சாத்தாததையும் சேர்த்துச் சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் காலையில் வாசல் பனியை அள்ள மண்வெட்டி வாங்கலாம் என்று கடைக்குப் போனேன். அப்படிப்பட்ட நாளில்தான் வால்ட்டருக்கு வியாபாரம். உப்பும் மண்வெட்டியும் மத்தியானத்துக்குள் தீர்ந்துபோகும். கடை பூட்டியிருந்தது. வெளியே பனியில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். கண்ணாடிக் கதவின் உட்புறம் ஒரு அட்டை. கோணல்மாணலான பெரிய எழுத்தில், 'என் சக வியாபாரி ஒருவர் இந்தியாவில் இறந்துவிட்டார். இன்று கடை இல்லை' என்று எழுதியிருந்தது.

"வால்ட்டருக்கு இந்தியாவில் யாரைத் தெரியும்?" என்று ஒருவர் என்னைக் கேட்டார்.

6

அண்ணன் இறந்த அடுத்த மாதமே தேர்தல் என்று அறிவித்து, உள்ளே இருந்தவர்களை விட ஆரம்பித்தார்கள். வடக்கே ஆட்சி கவிழ்ந்தது. எங்கள் பக்கத்தில் மட்டும் நெருக்கடிநிலையைக் கொண்டுவந்தவர்களின் அணிதான் ஜெயித்தது. அந்தக் கோடையில் மூவரும் ஊருக்குப் போனோம். மதினி கடையைத் திறந்து தானே நடத்திக்கொண்டிருந்தாள். யாருக்கு ஓட்டுப் போட்டிய என்று நான் கேட்டதற்கு, "போட்டேன்" என்று மட்டும் சொன்னாள்.

பஜாரில் அண்ணனுக்குப் படத்திறப்பு விழா நடத்த வேண்டும் என்று வியாபாரிகள் வந்து கேட்டார்கள். பெரிய மனிதர்களைக் கூப்பிடுவதாகச் சொன்னார்கள். மதினி அவர்களை உட்காரச் சொல்லி, மோர் கொடுத்து, "வேண்டாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

அவர்கள் போனபிறகு என்னிடம் திரும்பி, "அன்னைக்கு ஒரு கதவுகூடச் சாத்தல. இப்பம் மாலையக் கொண்டுட்டு வாராவ" என்றாள்.

அப்போதுதான் நான் வால்ட்டர் கடையைப் பற்றிச் சொன்னேன். பனியையும் சொன்னேன், அந்த நாளின் வியாபாரத்தையும் சொன்னேன். அவள் நம்பாமல் என்னைப் பார்த்தாள்.

"அங்கன ஒரு கடைய அடைச்சாவளா? அவியளுக்காகவா?"

"ஆமா மதினி. அன்னைக்குப் பூரா அடைச்சிருந்துச்சு."

கணவன் செத்தபோதும் அழாதவள் என்று ஊரில் அவளைப் பேசியிருந்தார்கள். கல்லாவில் உட்கார்ந்தபடியே அழுதாள். கடைக்கு வந்த பெண் ஒருத்தி ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போனாள்.

கிளம்பும்போது உடன்குடியிலிருந்து கருப்பட்டி வரவழைத்து, ஓலைக் கொட்டானில் அடுக்கிக் கட்டிக் கொடுத்தாள். "இத அந்த அண்ணாச்சிகிட்டக் குடுங்க. வேற நான் என்ன சொல்ல?"

நியூயார்க் விமான நிலையத்தில் சோதனை அதிகாரி கொட்டானைப் பிரித்தார். இது என்ன என்று கேட்டார். பனைமரத்துச் சர்க்கரை என்றேன். முகர்ந்து பார்த்தார். வெளிநாட்டு ஓலை உள்ளே வரக்கூடாது என்றார். ஓலையை எடுத்துக்கொள்ளுங்கள், உள்ளே இருப்பதைக் கொடுங்கள் என்று கெஞ்சினேன். ஓலையோடு ஒட்டிக்கிடந்ததால் அதையும் விட முடியாது, சட்டம் அப்படி என்றார். நல்ல மனிதர்தான். வருத்தத்தோடுதான் குப்பைத்தொட்டியில் போட்டார். மீனா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்த மாலை வால்ட்டரின் வாசல்படியில் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அரசாங்கத்தைப் பற்றி ஒரு பெரிய பேச்சு வரும் என்று எதிர்பார்த்தேன். அது வரவில்லை. அவருக்கு வயதாகிவிட்டது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. "அது எப்படி இருக்கும், முட்டு? சாப்பிட்டால் எப்படி இருக்கும்?" என்று கேட்டார்.

நான் ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தேன். இனிப்பு என்றேன், கறுப்பு என்றேன். எதுவும் சரியாக வரவில்லை.

மீனா எங்கள் வீட்டு வாசலில் நின்றிருந்தாள். வேலியைச் சுற்றிக்கொண்டு வந்தாள். வால்ட்டருக்குக் கீழ்ப்படியில் உட்கார்ந்தாள்.

"முதலில் புகை வாசனை வரும்" என்று அவரிடம் ஆங்கிலத்தில் சொன்னாள். "பிறகுதான் இனிப்பு. பல்லில் மணல் மாதிரி நறநறக்கும். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது என்னைத் தராசுத் தட்டில் உட்காரவைத்துவிட்டு, கையில் ஒரு துண்டு..."

நிறுத்தினாள். எதையோ தேடுவதுபோல என் முகத்தைப் பார்த்தாள். பிறகு தமிழில், எங்கள் ஊர்த் தமிழில், "பெரியப்பா குடுப்பாவ" என்றாள். முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். தந்தி வந்த அன்று அவள் அழவில்லை.

வால்ட்டருக்கு அந்த வார்த்தை புரிந்திருக்காது. அவர் என்னிடம் அர்த்தம் கேட்கவில்லை. கையை அவள் தலையில் வைத்துக்கொண்டு, அவள் அழுது முடிக்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்.